தலைக்கவசத்தின் உள்ளே இருந்த முகம்

சித்திரக் கதை என்றதும் முகஞ் சுளிக்கும் பெரியோர் பலர் உளர். பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கும் பொருள் அது. படித்து முடிந்தால் பழைய கடதாசியோடு கடதாசியாய்ப் போய்விடுவது. அதைப் பற்றிக் கற்றறிந்தோர் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்பது அவர்தம் எண்ணம். ஆயினும், பத்து வயதிலே கண்ட படம் ஐம்பது வயதிலும் கண்முன் வந்து நிற்பதை நாம் யாவரும் அறிவோம். மனனஞ் செய்த பாட்டு மறந்து போகும். அரக்கனுடைய பல்லும் வீரனுடைய தொப்பியும் மறப்பதில்லை. வேற்றின மக்களை நேரிற் காணுமுன்னரே படத்திற் கண்டுவிடுகின்ற பிள்ளை, பின்னர் அவரை நேரிற் காணும்பொழுது அந்தப் படத்தையே முதலில் நினைத்துக் கொள்ளுகின்றது. படம் பொய்யாயின் பிள்ளையின் நினைவும் பொய்யாகின்றது.

இதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டவர்களுள் ஒருவர் கியானா விட்டெட் அம்மையார். ஐக்கிய அமெரிக்காவிலே, தென் கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் ஆபிரிக்க அமெரிக்கர் இயலும் கற்பிக்கும் பேராசிரியை இவர். 1950ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் வெளிவந்த சித்திரக் கதைகளிலே இனப்பாகுபாடு எவ்வாறு எடுத்தாளப்பட்டது என்பது பற்றி அவர் எழுதிய நூல் 2019இல் வெளியாகியது. மறு ஆண்டில், சித்திரக் கதை உலகின் பெரும் பரிசாகிய ஐஸ்னர் பரிசும் அதற்குக் கிடைத்தது. வகுப்பறையோடு நின்றுவிடாது, பொதுமக்கள் கூடும் அரங்குகளிலும் அவர் இப்பொருள் பற்றி உரையாற்றி வருகின்றார். அவருடைய ஆராய்ச்சி தொட்டுச் செல்லும் வரலாற்றை நம் வாசகர்க்கு, சிறப்பாக மாணவர்க்கு, எடுத்துரைக்க விழைகின்றோம்.

அந்தப் பரிசின் பெயரிலேயே ஒரு கதை அடங்கியிருக்கின்றது. வில் ஐஸ்னர் என்பார் சித்திரக் கதையை ஒரு கலையாக உயர்த்திய மேதை. 1940இல் அவர் படைத்த ‘ஸ்பிரிட்’ என்னும் துப்பறியும் வீரனுக்கு எபனி வைற் என்ற கறுப்பினச் சிறுவன் ஒருவன் துணைவன். நன்றியுள்ளவன், துணிவுள்ளவன். ஆனால் தடித்த உதடும், பிதுங்கிய கண்ணும், கொச்சைப் பேச்சுமாக, அக்காலத்து நாடக மேடைக் கோமாளியின் வேடத்திலேயே அவன் வரையப்பட்டிருந்தான். ஐஸ்னர் யூதக் குடியேறிகளின் மகன். இன இகழ்ச்சி இன்னதென்று அறியாதவரல்லர். முதுமையிலே, 2003இல், டிக்கன்ஸ் படைத்த யூதத் திருடனாகிய பேகினைத் தலைவனாகக் கொண்டு ஒரு சித்திர நூலை ஆக்கியபொழுது, தம் இளமைக் காலத்து எபனியைப் பற்றியும் அதன் முன்னுரையிலே பேசாதிருக்க அவரால் முடியவில்லை. அவர் பெயராலாய பரிசே, இத்தகைய படங்களை ஆராய்ந்த கறுப்பினப் பேராசிரியைக்குக் கிடைத்தமை வரலாற்றின் விளையாட்டு என்றே சொல்லலாம்.

எபனி ஒருவனல்லன். அந்நாளில் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான சித்திரக் கதைகளுள் ‘கப்ரன் மார்வல்’ ஒன்று; அதன் படிகள் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றன. அதிலே 1942 முதல் ஸ்டீம்போட் என்றொரு பணியாள் தோன்றினான். அவனை மனிதன் என்பதிலும் குரங்கின் கேலிப்படம் என்பதே பொருந்தும். இலட்சக்கணக்கான பிள்ளைகள் அவனைக் கண்டு சிரித்தனர். ஒரு வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

1945இல் நியூயோர்க் நகரப் பாடசாலை மாணவர் சிலர், தம் சங்கத்தின் சார்பிலே அக்கதையை வெளியிட்ட போசற் நிறுவனத்துக்கு நேரே சென்றனர். பதிப்பாசிரியர் அவர்களை வரவேற்றுப் பேசினார். நகைச்சுவைக்காக வெள்ளையரையும் நாங்கள் பலவாறு கோணலாக வரைகின்றோமே என்பது அவர் தந்த சமாதானம். பிள்ளைகள் விடவில்லை. வெள்ளையருள் வீரனும் உண்டு, தீயவனும் உண்டு, அறிஞனும் உண்டு, மூடனும் உண்டு. எங்கள் இனத்துக்கோ உங்கள் கதை முழுவதிலும் இந்த ஒருவன்தானே இருக்கின்றான் என்று அவர்கள் கேட்டனர். ஒரு சிறுவன் ஸ்டீம்போட்டின் முகத்தைப் பெரிதாக்கிய படமொன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். இது நாங்களல்லோம், ஆனால் இதைப் படிக்கும் அத்தனை பேரும் இதையே நாங்கள் என்று எண்ணுவர் என்பது அவன் சொன்னதன் சாரம். பதிப்பாசிரியரிடம் அதற்கு விடை இருக்கவில்லை. ஸ்டீம்போட் அவ்வாண்டோடு கதையிலிருந்து நீங்கினான்.

பட்டம் பெற்றவர் ஒருவரும் அக்கூட்டத்தில் இல்லை. ஆயினும் இனமும் சித்திரமும் பற்றி நாம் அறிந்த விரிவுரைகளுள் இதனினும் சிறந்ததொன்று இருக்குமோ என்பது ஐயமே. ஓர் இனத்தைப் பற்றி ஒரேயொரு படந்தான் உண்டென்றால் அந்தப் படமே அந்த இனமாகிவிடுகின்றது என்ற பெரிய உண்மையை அவர்கள் ஓர் அலுவலக மேசையின் முன் நின்று நிறுவிவிட்டனர்.

நீக்கினால் மட்டும் போதுமா? நீக்கிய இடத்தில் யாரை வைப்பது? இவ்வினாவுக்கு விடை கூற முன்வந்தவர் ஒரின் எவன்ஸ் என்னும் கறுப்பினப் பத்திரிகையாளர். பிலடெல்பியாவிலே அவர் பணியாற்றிய ‘ரெக்கோட்’ பத்திரிகை 1947இல் மூடப்பட்டது. வேலையிழந்த அவர் அவ்வாண்டிலேயே ‘ஓல்-நீகிரோ கொமிக்ஸ்’ என்ற சித்திரக் கதை ஏட்டை வெளியிட்டார். எழுதியவரும் வரைந்தவரும் யாவருங் கறுப்பினத்தவர். 48 பக்கம்; ஏனைய ஏடுகள் 10 சதத்துக்கு விற்க, இது 15 சதம். ஏஸ் ஹார்லெம் என்ற துப்பறிவாளனும் சிங்க மனிதன் என்ற விஞ்ஞானியும் அதன் வீரர். சிங்க மனிதனைக் காட்டு வீரன் என்று எண்ணிவிடல் ஆகாது. அவன் அமெரிக்காவிற் படித்தவன். ஆபிரிக்கப் பொற்கரை நாட்டிலுள்ள யுரேனியத்தைக் காக்க ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய அறிஞன்!

இரண்டாவது இதழுக்கு ஓவியம் ஆயத்தமாயிற்று. கடதாசி கிடைக்கவில்லை. விற்பவர் விற்க மறுத்தனர். முதல் இதழே இறுதி இதழாயிற்று. முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே அதன் மறுபதிப்பொன்று வாசகர் கைக்கு எட்டியது. மறதி என்பது எப்பொழுதும் தானாக வருவதன்று; கடதாசி கொடுக்க மறுப்பதாலும் அதனை உண்டாக்கலாம்.

அதே 1947இல் ஜக்கி ஓர்ம்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஓவியர் தம் பத்திரிகைப் படங்களிலே வாய்த்துடுக்கோடு உலவிய பற்றி-ஜோ என்ற சிறுமியைப் பொம்மையாகவும் ஆக்கி விற்பனைக்கு விட்டார். நல்ல சட்டையும் வாரிய கூந்தலுமாகத் தன்னைப் போன்ற பொம்மையொன்று கடையில் இருக்கக் கண்ட கறுப்பினச் சிறுமியர் என்ன எண்ணியிருப்பர் என்பதைத் தாய்மார் ஊகித்துக்கொள்வர்.

இனி 1954க்கு வருவோம். இவ்வரலாற்றின் முடிச்சு விழுந்த ஆண்டு அது.

பிரெட்ரிக் வெர்தம் என்ற மனநோய் மருத்துவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியவர். கறுப்பின மக்கள் செறிந்து வாழும் ஹார்லெம் பகுதியிலே, ஒரு தேவாலயத்துக்குரிய கட்டிடத்தின் நிலவறையில், 1946இல் அவர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் 25 சதம். அதுவும் இல்லாதவர் கொடுக்க வேண்டுவதில்லை. இனம் பிரித்து நடத்தும் பாடசாலைகள் பிள்ளைகளின் மனத்தை எவ்வாறு ஊறுபடுத்துகின்றன என்று டெலவெயர் மாநில வழக்கொன்றில் அவர் அளித்த சாட்சியம், 1954 மே மாதம் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்புக்கும் துணைசெய்தது. அறத்தின் பக்கம் நின்றவர் என்பதில் ஐயமில்லை.

இப்பெரியவரே சித்திரக் கதைகளின் பெரும் பகைவருமாவார். கொலையும் கொள்ளையுமாக நிறைந்த அவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அதே ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அவற்றிலே வெள்ளையர் வீரராகவும் நிறமுடையோர் விலங்கினும் கீழானோராகவும் வரையப்படுவதையும் அவர் கண்டித்தார். அது முற்றிலும் நியாயமே. ஆனால் எல்லாக் கதைகளையும் ஒரே தராசில் இட்டதுதான் தவறாயிற்று. ஏப்ரல் 21இல் செனற் சபையின் உபகுழு நடத்திய விசாரணையிலே, மெக்சிக்கரை இழித்துரைக்குஞ் சொல் பலமுறை வருகின்றது என்று ஒரு கதையை எடுத்துக்காட்டி அவர் குற்றஞ்சாட்டினார். அக்கதையோ இனவெறியைச் சாடுவதற்கென்றே எழுதப்பட்டது. மகள் விரும்பும் மெக்சிக்க இளைஞனை அடிக்கவென முகமூடியணிந்த கூட்டத்தைத் திரட்டிச் செல்லும் தந்தை, இருளிலே ஆள் தெரியாமல், சாக்குப் போர்த்திய தன் மகளையே அடித்துக் கொன்றுவிடுகின்றான். இழிசொல்லை எண்ணியவர் அதனைச் சொன்னவனுக்கு நேர்ந்த கதியை எண்ணவில்லை என்பது பதிப்பாளராகிய வில்லியம் கெயின்ஸ் அன்று எடுத்துரைத்த மறுமொழியின் கருத்து.

கெயின்ஸின் ஈ.சி. நிறுவனம் பயங்கரக் கதைகளுக்குப் பேர்போனது. அவற்றின் நடுவே இடையிடையே இத்தகைய கதைகளையும் அவர் வெளியிட்டார். அவரும் எழுத்தாளர் அல் பெல்ட்ஸ்ரைனும் இவற்றை விளையாட்டாகப் ‘பிரசங்கக் கதைகள்’ என்று அழைப்பராம். விட்டெட் அம்மையாரின் நூல் இப்பிரசங்கக் கதைகளையே விரிவாக ஆராய்கின்றது. கொரியப் போரிலிருந்து கையிழந்து திரும்பும் வீரன் ஒருவன், தன் உயிரைக் காத்து மடிந்த நண்பனை ஊர் மயானத்திற் புதைக்க ஊரார் இடங்கொடுக்கவில்லை என்று அறிகின்றான். காரணம், இறந்தவன் கறுப்பன். வரவேற்புக் கூட்டத்திலே அவன் பேசி முடித்தபொழுது கைதட்டலில்லை. ஊரார் வாய்திறவாது எழுந்து போகின்றனர். அதிர்ச்சியையும் வெட்கத்தையும் கருவிகளாகக் கொண்டு இக்கதைகள் வெள்ளை வாசகரின் மனத்தைத் தைத்த வகையை அம்மையார் எடுத்துக்காட்டுகின்றார்.

அவற்றுள் தலையாயது ‘தீர்ப்பு நாள்’ என்ற கதை. 1953இல் பெல்ட்ஸ்ரைன் எழுத, ஜோ ஓர்லண்டோ வரைந்தது. அதனைச் சிறிது விரித்துச் சொல்லுதல் வேண்டும்.

எந்திர மனிதர் மாத்திரமே வாழும் கிரகம் ஒன்று. பூமியை உள்ளிட்ட அண்டக் குடியரசிலே சேர்வதற்கு அது தகுதி பெற்றுவிட்டதா என்று பார்த்து வர டால்ற்றன் என்ற தூதர் அனுப்பப்படுகின்றார். தலை முதற் கால் வரை கவசமணிந்தவர். செம்மஞ்சள் நிற எந்திர மனிதன் ஒருவன் அவரைப் பெருமிதத்தோடு அழைத்துச் சென்று தங்கள் நகரத்தையும் தொழிற்சாலையையும் காட்டுகின்றான். எல்லாம் நேர்த்தி. நீல நிறத்தவர் எங்கே என்று தூதர் கேட்கின்றார். அவர்களுக்கு வேறு பகுதி. அவர்களுக்கு வேறு வேலை. பேருந்திலே அவர்களுக்குப் பின் இருக்கை. தூதர் இரண்டு தொழிற்சாலைகளையும் நுணுகிப் பார்க்கின்றார். உட்பொறிகள் யாவும் ஒன்றே. மேலே போர்த்தும் தகட்டின் நிறமும், மூளையிற் பாடம் புகட்டும் பொறியும் மாத்திரமே வேறு. நாங்கள் என்ன செய்ய, இது இப்படியே இருந்து வந்தது என்று வழிகாட்டி முனகுகின்றான். நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று கூறித் தூதர் விடைபெறுகின்றார். பூமியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, ஆதலால் உங்களுக்கும் நம்பிக்கை உண்டு என்று ஆறுதலும் சொல்லுகின்றார். விண்கலம் எழுகின்றது. கடைசிப் படத்திலே அவர் தலைக்கவசத்தைக் கழற்றுகின்றார். உள்ளே இருந்தவர் வியர்வை அரும்பிய கறுப்பின மனிதர்.

கதை நெடுகிலும் அந்தக் கவசத்தினுள்ளே வாசகன் யாரை இருத்தி வைத்தான்? தன்னையறியாமல் ஒரு வெள்ளை முகத்தையே இருத்தியிருப்பான். கறுப்பின வாசகனுங்கூட அவ்வாறே எண்ணியிருக்கக் கூடும் என்பதுதான் நம்மை வருத்துவது. நினைவு எத்தகைய ஓவியத்தைத் தானாகவே வரைந்து கொள்ளுகின்றது என்பதை ஒரே படத்தினாலே காட்டிவிட்ட கதை இது. விஞ்ஞானக் கதாசிரியர் ரே பிராட்பரி இதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

செனற் விசாரணைக்குப் பின், 1954 ஒக்டோபரில், பதிப்பாளர் தாமே கூடிச் சித்திரக் கதைகளுக்கு ஒழுக்க விதிகள் வகுத்தனர். சார்ள்ஸ் மேர்பி என்ற நீதவான் அதற்குத் தலைவரானார். அவருடைய முத்திரை இல்லாத ஏட்டைக் கடைகளிற் சேர்ப்பிக்க விநியோகத்தர் துணியவில்லை. எந்த இனத்தையும் இழிவுபடுத்தல் ஆகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று, நல்ல விதி. அதன் நிழலில் நடந்ததைப் பாருங்கள்.

ஓர் இதழுக்கெனக் கொடுத்த கதையை அலுவலகம் நிராகரிக்கவே, அவசரத்துக்குப் பழைய ‘தீர்ப்பு நாள்’ கதையை மீண்டும் அச்சிட ஈ.சி. நிறுவனத்தார் முற்பட்டனர். கடைசிப் படத்திலுள்ள கறுப்பு முகத்தை மாற்றவேண்டும் என்றார் மேர்பி. கதையின் உயிரே அதுதானே என்று பெல்ட்ஸ்ரைன் வாதாடினார். கெயின்ஸ் தொலைபேசியிற் சீறினார். வழக்குத் தொடுப்பேன், ஊரறியச் செய்வேன் என்றார். இறுதியில், அந்த வியர்வைத் துளிகளையாவது நீக்குக என்று கேட்கப்பட்டதாகப் பிற்காலத்து நேர்காணல்களில் இருவரும் சொல்லியிருக்கின்றனர். ஒரு துளியையும் அவர்கள் நீக்கவில்லை. 1956 தொடக்கத்தில் கதை உள்ளபடியே வெளிவந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட கடைசிச் சித்திரக் கதை ஏடும் அதுவேயாயிற்று. அதன் பின் ‘மாட்’ என்ற நகைச்சுவைச் சஞ்சிகையோடு அவர்கள் அமைந்துவிட்டனர்.

ஆயினும் இக்கதைகளைப் போற்றும்பொழுது ஒரு குறையையும் நாம் மறைத்தல் தகாது. கொரிய வீரனின் கதையிற் கறுப்பினத்தவன் இறந்தவன். அவனுக்காகப் பேசுபவன் வெள்ளையன். வேறு பலவற்றிலும் அவர்கள் அடியுண்பவரும் கொலையுண்பவருமே. வெள்ளையரின் மனச்சாட்சியை எழுப்ப வேண்டி அவர்கள் துன்புறுகின்றனர். டால்ற்றன் ஒருவரே தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்றவர்.

செயின்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ரெபெக்கா வான்சோ அம்மையார் 2020இல் வெளியிட்ட நூலிலே இன்னொரு வழியாற் செல்கின்றார். இகழ்ச்சிக்கென்று பிறர் வரைந்த கோணல் உருவத்தையே கறுப்பின ஓவியர்கள் தம் கையிலெடுத்து, நாட்டில் தமக்குள்ள இடம் எது என்று வினவும் ஆயுதமாக்கிய வரலாறு அது. சித்திரக் கதை மேதைகளுள் ஒருவரான ஜோர்ஜ் ஹெரிமனின் வாழ்க்கை இங்கு நினைவுக்கு வருகின்றது. ‘கிரேசி கற்’ என்ற பூனைக் கதையை வரைந்த அவர், தொப்பியைக் கழற்றாத மனிதர் என்று பெயர் பெற்றவர். 1880இல் நியூ ஓர்லியன்சிற் பிறந்த அவருடைய பிறப்புப் பதிவிலே ‘நிறமுடையவர்’ என்று எழுதப்பட்டிருப்பது 1971இலேதான் வெளியாயிற்று. அவர் 1944இலேயே காலமாகிவிட்டார். அவரும் ஒரு கவசத்தினுள்ளே வாழ்ந்தவர்தாம் போலும்.

பழைய ஏடுகளை இன்று என் செய்வது? கப்ரன் மார்வலின் நெடுங்கதையொன்றைச் சிறப்புப் பதிப்பாக 2019இல் வெளியிட டி.சி. நிறுவனம் திட்டமிட்டு, அதிலுள்ள இன இழிவுப் படங்களை எண்ணி 2018இலேயே கைவிட்டது. பெல்ஜியத்திலே, 1930இல் எழுதத் தொடங்கப்பட்ட ‘கொங்கோவில் டின்டின்’ கதையைத் தடைசெய்யக் கோரிக் கொங்கோ நாட்டவர் ஒருவர் 2007இல் முறையிட்டார். 2012இல் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. கதையின் ஆசிரியர் ஹேர்ஜே தாமே 1946இல் அதைத் திருத்தியிருந்தார். உங்கள் தாய்நாடு பெல்ஜியம் என்று ஆபிரிக்கச் சிறுவருக்கு டின்டின் பாடஞ் சொல்லும் இடம் கணக்குப் பாடமாக மாறிற்று. திருத்தம் நல்லதே, ஆனால் திருத்திய புத்தகத்தை மாத்திரம் படிப்பவன், அப்படியொரு பாடம் ஒரு காலத்திற் சொல்லப்பட்டதென்பதை அறியமாட்டான். எரிப்பதிலும் திருத்துவதிலும் பார்க்க, பழைய படத்தை உள்ளபடி வைத்து, அதன் வரலாற்றை அருகே எழுதி, வளர்ந்தோர் கையிற் கொடுப்பதே தக்கதென்பது நம் கருத்து. சிறுபிள்ளைகளிடம் தனியே கொடுத்துவிடுதல் வேறு விடயம்.

இது தொலைதேசத்து விவகாரம் என்று நாம் இருந்துவிடவும் முடியாது. லீ போல்க் 1936இற் படைத்த முகமூடி வீரன், ராணி காமிக்ஸ் வழியாக மாயாவி என்ற பெயரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தோழனானவன். காட்டு மக்கள் அனைவரும் சாவில்லாதவன் என்று வணங்கும் வெள்ளையன் அவன். அதை நாம் வியப்போடு படித்தோம். அந்தக் காட்டு மக்களுக்குள்ளே நம்மை வைத்துப் பார்த்தோமா? 1964இல் பம்பாயிலே தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வெளியீட்டாளர், மூலத்திலே ‘சிங்’ என்றிருந்த கடற்கொள்ளையரின் பெயரைச் ‘சிங்கா’ என்றும், வங்காளத்தை நினைவூட்டிய நாட்டின் பெயரை ‘டென்காலி’ என்றும் மாற்றியே வெளியிட்டனர். தம்மைச் சுட்டிய இடத்திலே தைத்தது. மற்றவை அப்படியே அச்சாயின.

சித்திரக் கதை நினைவைக் கெடுக்கவுங் கூடும், நினைவை ஆக்கவுங் கூடும். 1957 முடிவில், அமைதி இயக்கமொன்று மார்ட்டின் லூதர் கிங்கின் மொன்ற்கொமரி பேருந்துப் போராட்டத்தைப் 16 பக்கச் சித்திரக் கதையாக வெளியிட்டது. விலை 10 சதம். கிங் அவர்களே அதனைப் பார்வையிட்டவர். காந்தியடிகளின் அறப்போரும் அதன் முறையும் அதில் உண்டு. பத்திரிகைக் கடைகளைவிடத் தேவாலயங்களின் வழியாகவும் சங்கங்களின் வழியாகவுமே அது கைமாறிச் சென்றது. இந்தியாவிலே நாகபுரியிற் சில ஆண்டுகள் பணியாற்றி மீண்ட ஜேம்ஸ் லோசன் என்ற மதகுரு, நாஷ்வில் நகர மாணவருக்கு அகிம்சைப் பயிற்சி அளித்தபொழுது அதனைப் பயன்படுத்தினார். 2008இல் அது அரபு மொழியிலும் வந்தது.

அந்த ஏட்டைப் படித்த இளைஞருள் ஒருவர் ஜோன் லூயிஸ். 1965 மார்ச் 7ஆம் நாள் செல்மா நகரப் பாலத்திலே பொலிசாரின் தடியடியால் மண்டை உடைந்தவர். பின்னர் நெடுங்காலம் காங்கிரஸ் உறுப்பினராயிருந்து 2020இல் மறைந்தவர். முதுமையிலே தம் போராட்ட வாழ்க்கையைத் தாமும் சித்திரக் கதையாகவே எழுதுவித்தார். ‘மார்ச்’ என்ற பெயரில் மூன்று பாகங்களாக அது 2013 முதல் 2016 வரை வெளிவந்தது. மூன்றாம் பாகம் அமெரிக்காவின் தேசிய நூற் பரிசைப் பெற்றது. பரிசு வாங்க மேடையேறிய லூயிஸ், கண்கலங்கி ஒரு செய்தி சொன்னார். 1956இல், தமக்குப் 16 வயதாயிருந்தபொழுது, உடன்பிறந்தாரோடும் மைத்துனரோடும் ஊர் நூலகத்துக்குப் போய் அங்கத்துவ அட்டை கேட்டாராம். இது வெள்ளையருக்கு மாத்திரமே உரியது என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டனராம். 1998இல், தாம் எழுதிய வேறொரு நூலிற் கையொப்பமிடுவதற்காக அவர் மீண்டும் அந்த நூலகத்துக்குச் சென்றிருந்தார். அன்றுதான் அவருக்கு அந்த அட்டையைக் கொடுத்தனர்.